காக்கா வாங்கித் தரும் கைத்துப்பாக்கி



நியூ ஜெர்சியில் வார இறுதி மதரஸா ஒன்றில் நாம் பாடம் நடத்தி வருகிறோம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் நம்மிடம் கேட்பவை பெரும்பாலும் ஸகாத்தைப் பற்றியோ, வீட்டுக்கடன் வட்டியைப் பற்றியோ, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பற்றியோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் மாணவன் ஒருவனின் தந்தை கேட்ட கேள்வி அவ்வகையைச் சேர்ந்ததாக இல்லை.

"உஸ்தாத், டெக்சாஸில் இருக்கும் எங்கள் காக்கா எனக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பணம் என்னுடையதுதான். மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஜும்ஆ நாட்களில் பள்ளிவாசலின் வாயிலில் நின்று காவல் பார்க்கும் தொண்டர்களுள் அவரும் ஒருவர். 2017 ஜனவரி 29 அன்று கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்திருந்த 51 பேர் ஷஹீதாக்கப்பட்டனர். அதன் பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவருகே நிற்பவரின் உள்ளத்தில் என்ன ஓடும் என்பதை நாம் அறிவோம். உள்ளே ஸஜ்தாவில் இருப்பவர்களுள் அவருடைய வாப்பாவும் இருக்கிறார், மகனும் இருக்கிறான்.

நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்குவது எளிதன்று. ஊர்க் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை தர வேண்டும். நம்மை அறிந்த இருவர் சான்றளிக்க வேண்டும். மனநல ஆவணங்களைப் பார்வையிட ஒப்புதல் அளிக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்புப் பயிற்சியும் பெற வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் அனுமதிச்சீட்டு ஒன்றைக் கொண்டு ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்க முடியும். டெக்சாஸிலோ வாங்குவதற்கென மாநில அனுமதிச்சீட்டு எதுவும் இல்லை. "பணத்தை அனுப்பிவிடு தம்பி, நான் வாங்கி வைக்கிறேன். லீவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ" என்று காக்கா சொல்லியிருக்கிறார். அன்பினால் சொன்ன சொல்தான் அது. மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது எளிது என்று தம்பிக்கும் தோன்றியிருக்கிறது.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. மார்க்கத்தின் விடை இந்நாட்டுச் சட்டத்தின் விடையோடு பிணைந்திருப்பதால், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை மூவருமாக அமர்ந்தோம். அன்று அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுவது, இதே எண்ணம் கொண்ட வேறு குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதனால்தான்.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியது. ஒரு மாநிலத்தில் வசிப்பவர், உரிமம் பெற்ற வணிகராக இல்லாதபோது, வேறொரு மாநிலத்தில் வசிப்பவருக்குத் துப்பாக்கியை விற்பதையும் அன்பளிப்பாகக் கையளிப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. அண்ணன், தம்பி, தந்தை, மகன் என்ற உறவுகளுக்கு அதில் விலக்கு இல்லை. நீளத் துப்பாக்கிகளை வேறு மாநிலத்து வணிகரிடம் நேரில் சென்று வாங்க, இரு மாநிலச் சட்டங்களும் இடமளித்தால், வழி உண்டு. கைத்துப்பாக்கிக்கு அவ்வழியும் இல்லை. வேறு மாநிலத்தில் அதற்கு விலை பேசலாம், பணமும் செலுத்தலாம். ஆனால் அங்குள்ள வணிகர் அதை வாங்குபவரின் சொந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒரு வணிகருக்கு அனுப்பிவைக்க வேண்டும். வாங்குபவர் தம் ஊர் வணிகரிடம் சென்று, படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி, தம் மாநிலத்தின் அனுமதிச்சீட்டையும் காட்டிய பின்னரே அது அவர் கைக்கு வரும். உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

அந்தப் படிவத்தின் முதற்கேள்விகளுள் ஒன்று, இத்துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது. தம்பியின் பணத்தைப் பெற்றுக்கொண்டு, தம்பிக்காகக் கடைக்குச் செல்லும் காக்கா அவ்விடத்தில் "ஆம்" என்று எழுதினால், அது பொய். அதன் கீழே அவருடைய கையெழுத்து இருக்கும். தம் சொந்தப் பணத்தில், எதையும் திரும்பப் பெறாமல், மெய்யாகவே அன்பளிப்பாக வாங்குவதாயின் "ஆம்" என்பது பொய்யாகாது. அப்போதும் அந்த அன்பளிப்பு தம்பியின் மாநிலத்து வணிகர் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

"இருவருமே குற்றம் எதுவும் செய்யாதவர்கள். இதில் யாருக்கு என்ன கேடு?" என்று அச்சகோதரர் வினவினார். அதற்கு வழக்கறிஞர் ஒரு வழக்கை எடுத்துரைத்தார். வர்ஜீனியாவில் வசித்த ஆப்ராம்ஸ்கி என்பவர் முன்னாள் காவலர். பென்சில்வேனியாவில் இருந்த தம் மாமாவுக்காக 2009-இல் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். காவலர்களுக்குரிய சலுகை விலை கிடைக்கும் என்பதே அவர் எண்ணம். மாமா 400 டாலர் காசோலை அனுப்பினார். மருமகன் கடையில் படிவத்தை நிரப்பி, வாங்குபவர் தாமே என்று எழுதிக் கையொப்பமிட்டார். பின்னர் பென்சில்வேனியா சென்று, அங்கே உரிமம் பெற்ற வணிகர் ஒருவர் வழியாக, மாமாவுக்கும் பின்னணிச் சோதனை நடத்தியே துப்பாக்கியை ஒப்படைத்தார். மாமா துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவர். மாநில எல்லையைக் கடந்த முறையும் சரியானதே. ஆயினும் அந்த ஒரு "ஆம்" பொய் என்பதால் மருமகன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

நம் சகோதரரின் திட்டம் அதைவிடவும் பிழையானது. அவர் எந்த வணிகரிடமும் செல்லாமல், துப்பாக்கியைத் தாமே நியூ ஜெர்சிக்குக் கொண்டுவர எண்ணியிருந்தார். இம்மாநிலத்தில் உரிய அனுமதியின்றிக் கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுசெல்வது ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். டெக்சாஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் மேகசின், பத்துக்கு மேல் கூடாது என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கே தனியொரு குற்றமாகும். மேலும் அவர் இன்னும் குடியுரிமை பெறாதவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றப்படவும் அது காரணமாகும். இதைக் கேட்டதும் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

பின்னர் அவர் தம் காக்காவைத் தொலைபேசியில் அழைத்து, நம்மையும் பேசச் செய்தார். காக்கா சற்றே சினத்துடன், "உஸ்தாத், தாக்க வருகிறவன் படிவம் நிரப்பிக்கொண்டா வருகிறான்? இந்தச் சட்டம் எல்லாம் நம்மைப் போன்றவர்களைத்தானே கட்டுகிறது?" என்று கேட்டார். இக்கேள்வியைப் பலரும் கேட்பதுண்டு. ஆதலால் அன்று நாம் கூறிய விடையைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

கிறைஸ்ட்சர்ச்சில் நம் சகோதரர்களைக் கொன்றவன் படிவம் நிரப்பியவன்தான். அவனிடம் நியூசிலாந்துக் காவல்துறை வழங்கிய முறையான துப்பாக்கி உரிமம் இருந்தது. 2020-இல் வெளிவந்த அந்நாட்டு அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, அந்த உரிமம் வழங்கப்பட்டபோது சான்றளிப்பவர்களை விசாரித்த முறை போதிய தரத்தில் இல்லை என்று கண்டது. அவனை நெருங்கி அறிந்த உறவினர் சொல்ல வேண்டிய இடத்தில், இணைய விளையாட்டு வழியே பழகிய நண்பர் ஒருவரின் சான்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. தம்மை அறிந்த இருவரின் சான்றைத் தேடி அலைவது நம் சகோதரருக்கு வீண் தொல்லையாகத் தோன்றியது. அந்த ஒரு விசாரணை ஓரிடத்தில் தளர்வாக நடந்ததன் பின் என்ன நேர்ந்தது என்பதை நம் சமுதாயத்தைவிட நன்கு அறிந்தவர் யார்? பள்ளிவாசலைக் காக்கவென்று துப்பாக்கி வாங்கும் நாம், அதே பள்ளிவாசலைக் காக்கும் வேலியில் ஓட்டை போடலாகாது.

இனி மார்க்கத்தின் விடை. ஆயுதம் வைத்திருப்பதும் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்வதும் தம்மளவில் ஹராம் அல்ல. ஆனால் பொய்ச்சாட்சி பெரும்பாவங்களுள் ஒன்று. அது நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்வதாயினும், கடையின் மேசையில் ஒரு கட்டத்தில் குறியிடுவதாயினும் ஒன்றே. தம்பிக்கு உதவுவதற்காகக் காக்கா அப்பாவத்தைச் சுமக்குமாறு செய்வது தம்பிக்கு அழகன்று. ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு ஆணையிடுகிறது. விசாவில் வந்தவராயினும், குடியுரிமை பெற்றவராயினும், இந்நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வதாக ஒப்புக்கொண்டுதான் நாம் இங்கே இருக்கிறோம். அம்புகளோடு பள்ளிவாசலுக்குள் வந்த ஒருவரை, அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அவரை வீண்பழி கூறி விரட்டவில்லை, ஆயுதத்தை எவ்வாறு ஏந்த வேண்டும் என்று முறைப்படுத்தினார்கள். ஆயுதத்துக்கு ஒழுங்கு வகுப்பது நம் மார்க்கத்துக்குப் புதியதன்று.

காக்கா அன்று முழுமையாக இணங்கவில்லை. "சரி உஸ்தாத், அவன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அண்ணன் தம்பிக்கு இடையே சில வாரங்கள் பேச்சுக் குறைந்தது என்றும் அறிந்தோம். தம்பி இங்கேயே விண்ணப்பித்தார். அவருக்குச் சான்றளித்த இருவருள் நாமும் ஒருவர். சான்றளிக்கும் முன், கோபம் வந்தால் வீட்டில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்று அவரிடமே நாம் கேட்டோம். அவர் சற்று அதிர்ந்தார், பின்பு நேர்மையாகப் பதில் கூறினார். சில மாதங்களுக்குப் பின் அனுமதிச்சீட்டு வந்தது. இதற்கிடையில் பள்ளிவாசல் நிர்வாகம் கதவுகளையும் கேமராக்களையும் மாற்றியமைத்தது. மறைத்து ஏந்திச் செல்வதற்கு இங்கே தனி அனுமதி தேவை என்பதால், அதைப் பெறும்வரை அவர் வெறுங்கையோடுதான் வாயிலில் நின்றார்.

நம் குடும்பங்களுக்குச் சில நினைவூட்டல்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்போர், செல்லத்தக்க வேட்டை உரிமம் முதலான சில விலக்குகள் இன்றேல், துப்பாக்கி வைத்திருப்பதே நாடு தழுவிய சட்டப்படி குற்றம். நண்பருடையதை வைத்துக்கொள்வதும் அதில் அடங்கும். துப்பாக்கி வைத்திருப்பவர் வேறு மாநிலத்திலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தால், 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தைக் கடந்து செல்லும்போது, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படியானதாக இருக்க வேண்டும். தோட்டா நீக்கி, பூட்டி, கைக்கு எட்டாதவாறு வைத்திருக்க வேண்டும். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சென்ற பயணி ஒருவர், விமானம் தவறி நியூவர்க்கில் ஓரிரவு தங்கும்படி நேர்ந்தது. துப்பாக்கி இருந்த பெட்டி அந்த இரவு அவர் கைவசம் இருந்ததால், மறுநாள் விமான நிலையத்தில் அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்குக் கைவிடப்பட்டது. ஆயினும் அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. சட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆதலால் வாங்கும் முன் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பின், வாங்குவதற்கு முன்பே பூட்டுப்பெட்டி வாங்குங்கள். அதன் திறவுகோல் ஒரு அமானத்.

அல்லாஹ் நம் பள்ளிவாசல்களையும் அவற்றில் தொழுவோரையும் காப்பானாக. நம் கைகளையும், கையெழுத்துகளையும், உறவுகளையும் பொய்யிலிருந்து காப்பானாக. ஆமீன்.