அட்டவணையில் இல்லாத நெடுவரிசை

தேசிய மனித உரிமைச் செயல்திட்டங்களை ஒப்பிட்டு நோக்குவதே என் முனைவர் பட்ட ஆய்வு. தில்லியில் விடுதி அறையில் அமர்ந்து நான் உருவாக்கிய எக்செல் அட்டவணையில் முதல் மூன்று நெடுவரிசைகள் நாடு, திட்டம், தொடங்கப்பட்ட ஆண்டு என்பன. சென்ற குளிர்காலம் வரை அந்த அட்டவணை குறித்து எனக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது.

1993 ஜூனில் வியன்னாவில் கூடிய உலக மனித உரிமை மாநாடு, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு தேசியச் செயல்திட்டம் வகுப்பது பற்றி எண்ணிப் பார்க்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா முன்னே சென்றது. பிரேசில் 1996இலும் தென்னாப்பிரிக்கா 1998இலும் தத்தம் திட்டங்களை வெளியிட்டன. அதே 1993இல்தான் இந்தியாவில் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் முதல் மத்தியச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டம் போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று. 2023இல் மத்திய அரசு 'நமஸ்தே' என்னும் தேசியத் திட்டத்தையும் தொடங்கியது. தொழிலாளரைக் கணக்கெடுத்தல், பாதுகாப்புக் கவசம் வழங்குதல், மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தல் ஆகியவை அதன் கூறுகள்.

இவற்றையெல்லாம் கள ஆய்வின்போது, ஒப்பந்த முறையில் சாக்கடை அடைப்பு நீக்கும் ஒரு முதியவரிடம் விளக்கிக் கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். புகார் தெரிவிக்க 14420 என்றொரு உதவி எண் 2020இலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னேன். ஏதோ ஒரு தீர்வைக் கையில் கொடுத்துவிட்ட நிறைவு எனக்கு.

"நல்ல எண்தான், பேட்டா. நான் அழைத்தால் இன்று என்னை யாரும் உள்ளே இறக்கமாட்டார்கள். நாளைக்கு என்னை யார் வேலைக்கு அழைப்பார்கள்?"

என்னிடம் விடை இல்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. தேநீர் வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பினார்.

அன்றிரவு அட்டவணையைத் திறந்தபோது அது வேறாகத் தோன்றியது. திட்டம் தொடங்கிய நாள் அதில் இருந்தது. தொடங்கி வைத்த அமைச்சகம் இருந்தது. நிதி ஒதுக்கீடுகூட இருந்தது. உரிமையைக் கேட்பவர் அதற்காக எதை இழக்க நேரும் என்பதற்கு மட்டும் இடமில்லை. அந்தப் பெயரில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தேன். நான் படித்த திட்ட ஆவணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கிறது.

இதை எப்படி அளப்பாய் என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. புகாரளித்தவர் ஓராண்டுக்குப் பின்னும் அதே வேலையில், அதே கூலியில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு வழியாக இருக்கலாம். ஆயின் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் நிலைப்பதில்லை. அவரை மீண்டும் கண்டடைவதே கடினம்.

திட்டங்கள் வீண் என்று நான் சொல்லவரவில்லை. தடைச்சட்டம் என்று ஒன்று இல்லையேல், 'இறங்கமாட்டேன்' என்னும் சொல்லுக்கு நீதிமன்றத்தில் இடமே இருந்திராது. அந்தச் சொல்லைச் சொன்னபின் அவர் வீட்டு அடுப்பு எரிய என்ன ஏற்பாடு என்பதையும் திட்டம் எழுதியிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தொழிலாளர் ஆய்வுகளிலோ சட்டத்துறையிலோ பணியாற்றும் நண்பர்கள், இந்த இழப்பை அளந்து பார்த்த முயற்சிகள் ஏதேனும் அறிந்திருந்தால் தெரிவியுங்கள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.