திறந்திருக்கும் கதவு

மென்பொருளை ஒருமுறை விற்றுவிட்டு ஒதுங்கும் காலம் மாறிவருகிறது. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், இணையம் வழியே மென்பொருளைச் சந்தாவுக்கு வழங்கியது. 2010-இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், அதே முறையில் வளர்ந்து 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையை எட்டியது. வணிகத்திற்கே புதியவர்களான நாங்கள் இருவரும், அவ்வழியை நம்பியே, சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருளை உருவாக்கினோம். கையிலிருந்த சேமிப்பு ஓராண்டுக்கே போதுமானது.

நூறு பேர் சந்தாதாரர் ஆயினர். எனினும் சந்தா வணிகத்தின் கணக்கு கடுமையானது. மாதந்தோறும் நூற்றுக்கு ஐவர் விலகி, புதியவர் எவரும் சேராவிடில், 12 மாதங்களில் 54 பேரே எஞ்சுவர். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் பாடுதான் அது.

விலகும் வழியை எளிதில் காண இயலாதவாறு மறைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். சேமிப்பு கரைந்துகொண்டிருந்த வேளையில் அச்சொல் இனிக்கவே செய்தது. இரவெல்லாம் வாதிட்டோம். இறுதியில், எவரும் ஒரே பொத்தானை அழுத்தி விலகலாம், தம் கணக்குகளையும் முழுமையாக எடுத்துச் செல்லலாம் என்று முடிவு செய்தோம். விலகுவோரிடம் காரணம் மட்டும் கேட்டோம். “கடன் பாக்கிகளை ஒரே தாளில் பார்க்க முடியவில்லை” என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். அவ்வசதியைச் சேர்த்தோம். விலகுவோர் குறைந்தனர், முற்றிலும் நின்றுவிடவில்லை.

இன்றும் ஒவ்வொரு மாத இறுதியிலும் எங்கள் உழைப்பு நிறுத்துப் பார்க்கப்படுகிறது. அச்சம் நீங்கவில்லை. ஆயினும், கதவு திறந்திருந்தும் எங்களோடு தங்குவோரின் நம்பிக்கை, பூட்டி வைத்துப் பெறக்கூடியதா என்ன?