கையில் வவுச்சர் இருக்கு... வீடு எங்கே?

அமெரிக்காவில் வாடகை வீட்டு விளம்பரங்களில், ‘நாய், பூனை கூடாது’, ‘புகைபிடிக்கக் கூடாது’ என்ற நிபந்தனைகளோடு இன்னொரு வரியும் அடிக்கடி கண்ணில் படும்: ‘செக்‌ஷன் 8 கிடையாது.’ அரசின் வாடகை உதவியோடு வருபவர்கள் கதவைத் தட்ட வேண்டாம் என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த உதவி பெறுபவர்களின் வாடகையில் பெரும்பகுதியை அரசுப் பணத்திலிருந்து நேரடியாக உரிமையாளருக்கே செலுத்திவிடுகிறார்கள். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும் என்றால், போட்டி போட்டுக்கொண்டல்லவா வீடு கொடுக்க வேண்டும்? ஏன் மறுக்கிறார்கள்?

அது என்ன செக்‌ஷன் 8?

ஒரு காலத்தில் அமெரிக்க நகரங்கள் ஏழைகளுக்காகப் பெரிய பெரிய அடுக்குமாடிகளைக் கட்டின. செயின்ட் லூயிஸ் நகரின் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பில் மட்டும் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். பராமரிப்பில்லாமல் பாழாகிப்போன அவற்றை 1972-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஏழைகளை ஒரே இடத்தில் குவிப்பதைவிட, வாடகைக்கு உதவினால் அவர்களே தங்களுக்கு ஏற்ற பகுதியில் வீடு பார்த்துக்கொள்வார்களே என்ற யோசனை வலுப்பெற்றது. 1937-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில், 1974-ல் சேர்க்கப்பட்ட புதிய 8-வது பிரிவு அதற்கு வழிவிட்டது.

கணக்கு எளிமையானது. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவிகிதத்தை வாடகையாகக் கொடுக்கும். மிச்சத்தை, ஒரு வரம்புக்குள், உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு கொடுக்கும். உதாரணமாக, கணக்கில் கொள்ளும் வருமானம் மாதம் 2,000 டாலர், வாடகை 1,500 டாலர் என்றால் குடும்பத்தின் பங்கு 600, அமைப்பின் பங்கு 900.

சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இப்படி வாழ்கின்றன. ஆனால், தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் ஏதாவதொரு வாடகை உதவி கிடைக்கிறது. மற்றவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள்.

அறுபது நாள் கெடு

காத்திருந்து காத்திருந்து வவுச்சர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு ஒரு கெடுவும் வரும். வீடு தேட குறைந்தது 60 நாள் தருவார்கள். அதற்கு மேல் நீட்டிப்பது பெரும்பாலும் அந்த அமைப்பின் விருப்பம். வீடு அமையாவிட்டால் வவுச்சர் கைநழுவிப் போகும்.

இரண்டு பிள்ளைகளோடு கடையில் பில் போடும் வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு 60 நாள் என்பது எத்தனை மணி நேரம்? வேலை முடிந்த பிறகுதான் போனைக் கையில் எடுக்க முடியும். பல இடங்களில் விண்ணப்பத்துக்கே கட்டணம் உண்டு. வீடு கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. முன்பணத்தையும் பெரும்பாலும் அவரே புரட்ட வேண்டும்.

அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-ல் ஐந்து பகுதிகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. வவுச்சருக்குப் பொருந்துவதாகத் தெரியும் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடிக்க, சராசரியாக 39 விளம்பரங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. பிறகு உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு, ‘வவுச்சர் ஏற்பீர்களா?’ என்று கேட்டார்கள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவிகிதம் பேர் மறுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 76 சதவிகிதம். வாஷிங்டனில் 15 சதவிகிதம் மட்டுமே.

உரிமையாளர் சொல்லும் நியாயம்

மறுப்பவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓய்வுக்காலத்தில் ஒரே ஒரு வீட்டு வாடகையை நம்பியிருக்கும் தம்பதியை நினைத்துப் பாருங்கள். வவுச்சர்காரர் குடிவர வேண்டுமானால், அதிகாரிகள் வந்து வீட்டைப் பரிசோதிக்க வேண்டும். குறை இருந்தால் சரிசெய்து, மறுபடி காட்ட வேண்டும். கேட்கும் வாடகை நியாயமானதுதான் என்று அமைப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை வீடு பூட்டியே கிடக்கும். பக்கத்திலேயே, ‘நாளைக்கே வந்துடறோம்’ என்று இன்னொருவர் நின்றால் மனம் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆனால், எல்லா மறுப்புக்கும் இந்தத் தாமதம் காரணமல்ல. ‘இவர்கள் வந்தால் வீடு கெட்டுவிடும், அக்கம்பக்கத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்ற எண்ணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வவுச்சரைப் பார்த்ததும், ஆளைப் பார்க்காமலேயே முடிவெடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

சட்டம் என்ன செய்கிறது?

வவுச்சரை மட்டுமே காரணம் காட்டி மறுப்பதை நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாகாணங்கள் தடை செய்திருக்கின்றன. நியூயார்க் 2019-ல் சட்டம் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. டெக்சாஸோ நேரெதிர்ப் பாதையில் போனது. ஆஸ்டின் நகரம் கொண்டுவந்த தடை செல்லாதபடி 2015-ல் மாகாணமே சட்டம் போட்டது.

மறுப்பு குறைவாக இருந்த வாஷிங்டனில் தடைச் சட்டம் உண்டு. ஆனால், அதே ஆய்வில் 67 சதவிகிதம் பேர் மறுத்த ஃபிலடெல்ஃபியாவிலும் உண்டு! ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது, மீறினால் கேட்க ஆள் வேண்டும். கூடவே உரிமையாளரின் சிரமமும் குறைய வேண்டும். சில ஊர்களில் வவுச்சரை ஏற்பவர்களுக்கு ஊக்கத்தொகையும், வீடு சேதமானால் ஈடுகட்ட ஒரு நிதியும் வைத்திருக்கிறார்கள்.

தயங்கும் உரிமையாளர் ஒன்றை யோசிக்கலாம். சாதாரண வாடகைதாரருக்கு வேலை போனால் வாடகை மொத்தமும் நின்றுபோகலாம். வவுச்சர்காரருக்கு வேலை போனால் அவருடைய பங்கு குறையும், அமைப்பின் பங்கு கூடும். கஷ்ட காலத்திலும் வாடகை வரும் என்ற உறுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தாய் வாசலில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?