நோயறையில் நடை

நோயுற்றவர்க்கு வேண்டுவது ஓய்வு என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய கருத்து. காய்ச்சல் கண்டவர் கட்டிலைவிட்டு எழ முயன்றாலும் கடிந்துகொள்கிறோம். ஆயினும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுவோரை மருத்துவரே எழுப்பி நடக்கச் சொல்கின்றனர்.

எலும்பினுள் அமைந்த மஜ்ஜையே குருதியின் ஊற்றுக்கண். செவ்வணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றும் அங்கே பிறக்கின்றன. குருதிப் புற்று முதலிய நோய்களால் அவ்வூற்றுக் கெடும்போது, கடுமையான மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்து, பிறர் தந்த நல்ல அணுக்களைக் குருதிக்குழாய் வழியே செலுத்துவர். அவை தாமே வழி கண்டு எலும்பினுள் குடியேறுதல் வியப்பினும் வியப்பு! இம்முறையை வளர்த்த அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் 1990ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இது 1983இல் தொடங்கிற்று.

புதிய அணுக்கள் வேர்கொள்ள இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். ஆதலின் நோயாளி தனியறையில் இருத்தல் வேண்டும். வாய் புண்ணாகும், உணவு செல்லாது. படுத்தே கிடப்பின் தசைகள் நாளுக்கு நாள் கரையும். மஜ்ஜை தழைத்தும் காலில் வலுவில்லையெனில் என் செய்வது?

ஜெர்மனியின் பிரைபர்க் நகர மருத்துவர்கள், தம் அணுக்களையே திரும்பப் பெற்ற நோயாளிகள் சிலரைப் படுத்தபடியே மிதிபொறி ஒன்றை நாள்தோறும் மிதிக்கச் செய்தனர். சிறிது மிதித்தல், சிறிது ஓய்தல் என அரைமணி நேரம். 1997இல் அதன் பயனை வெளியிட்டனர். மிதித்தவர்க்கும் வலிமை குன்றியது; ஆனால், மிதியாதவர்க்குக் குன்றிய அளவு குன்றவில்லை.

என் நண்பர் தம் தம்பியின் அணுக்களைப் பெற்றவர். அறைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று அவரைக் கண்டேன். கட்டிலிலிருந்து சன்னல்வரை பத்தடி. அதுவே அவர்க்கு நெடும்பயணம். அவர் விரும்பியவாறெல்லாம் நடக்க விடவில்லை. காலைதோறும் குருதிக் கணக்கைப் பார்த்த பின்னரே பயிற்சி. தட்டணு மிகக் குறைந்த நாளில், இடறி விழுந்தால் குருதி நில்லாது பெருகும் என்று அஞ்சி, அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கச் செய்தனர். காய்ச்சல் மிகுந்த நாளில் அதுவும் இல்லை.

வீடு திரும்பிய பின்னரும் தொல்லை தீரவில்லை. பிறர் தந்த அணுக்கள் சிலவேளை நோயாளியின் உடலையே பகையெனத் தாக்கும். அதனைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தோ தொடைத் தசைகளை மெலிவிக்கும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ நண்பர்க்கு மூன்று திங்கள் ஆயின. இப்பொழுது மாடிப்படி ஏறப் பழகுகிறார். பதினெட்டுப் படிகளில் ஆறு ஏறிவிட்டதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தார்.