மூச்சு விடாத நாதஸ்வரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா நாதஸ்வரக்காரர். நான் ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் கணக்கெழுதி, ஞாயிறானால் கச்சேரிகளில் கிடார் வாசிக்கிற ஆசாமி.

"ஏன் மாப்ளே, கிடார்ல நாதஸ்வரம் வருதாமே?" என்றார் மாமா, சற்றே கவலையாக.

வரத்தான் செய்கிறது. ஆறு தந்திக்கும் தனித்தனியே காது வைத்த ஒரு பிக்கப். எந்தத் தந்தி, எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம் என்பதை எண்ணாக்கி கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள். அந்த பாஷைக்குப் பெயர் மிடி. 1983-ல் ரோலண்ட் கீபோர்டையும் சீக்வென்ஷியல் கீபோர்டையும் ஒயரால் கோத்து ஊருக்குக் காட்டியது. மிடி ஒயரில் சத்தம் போகாது, உத்தரவுதான் போகும். நம்ம மானேஜர் மெமோ மாதிரி! உழைப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் வாத்தியம்.

சத்தம் கொஞ்சம் லேட்டாகவும் வரும். தடித்த தந்தி ஒருமுறை ஆடி முடிக்கவே 12 மில்லி செகண்ட். ஆடினால்தானே ஸ்வரம் தெரியும்?

அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால், மீட்டிய அழுத்தத்துக்கு 1 முதல் 127-க்குள் ஒரே எண்தான், அதுவும் ஆரம்பத்திலேயே. சீவாளியிலோ மூச்சு கூடக் குறைய, நாதம் கணத்துக்குக் கணம் மாறும். தந்தியை இழுத்தால் கமகம் வரும், மூச்சு வருமா?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டார், "மேளத்தை கட் பண்ணிடலாம் தம்பி, நீங்களே வாசிச்சிருங்க. செலவு மிச்சம்" என்றார்கள்.

"முகூர்த்தத்துக்கு மாமாதான். ரிசப்ஷனுக்கு வேணா நான்" என்றேன் கறாராக.

மாமாவுக்கு ஏக சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும்: "கரண்ட் போனா என்ன மாப்ளே செய்வே?"

"பந்திக்குப் போயிருவேன் மாமா!"