பன்னிரண்டு பூச்சிகள்



2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பள்ளி விடுமுறையில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழும் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். டெஷூட்ஸ் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க அழைத்துச் சென்றான். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன் அது.

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சியே அன்று எங்கள் தூண்டில். கடையில் கண்ணைக் கவர்ந்த பன்னிரண்டை வாங்கினேன். பத்து நிமிடத்திற்கு ஒன்றாக மாற்றினேன். மாலைவரை ஒரு மீனும் தீண்டவில்லை.

தம்பி சொன்னான்: “அண்ணே, ஆற்றுக்குத் திரும்பிய ஸ்டீல்ஹெட் அதிகம் உண்பதில்லை, அதைச் சீண்டத்தான் வேண்டும். தெளிந்த நீருக்குச் சிறிய பூச்சி ஒன்று. கலங்கிய நீருக்கும் அந்திக்கும் பெரிதாய்க் கறுப்பு அல்லது ஊதா ஒன்று. புதியவருக்கு இவை போதும். பூச்சியை மாற்றாதீர்கள், நிற்கும் இடத்தை மாற்றுங்கள். வீசி, நீரோட்டத்தில் வளைந்து வரவிட்டு, இரண்டு எட்டு நகர்ந்து மீண்டும் வீசுங்கள்.”

அன்று மீன் கிட்டவில்லை. ஆனால் என் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வாசிக்கத் தடுமாறிய அவனுக்கு வாரமொரு பயிற்றி மாற்றினேன். ஒருநாளும் அவனருகில் அமர்ந்ததில்லை. ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்று அவன் தாயாரிடமே சொல்லியிருந்தேன்.

நாடு திரும்பியதும் ஒரே நூலுடன் நாள்தோறும் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் அமர்ந்தேன். ஆண்டிறுதியில் ஒரு முழுப் பக்கத்தைத் தடையின்றி வாசித்தான். அவன் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பூச்சிகளும் இன்றும் என் மேசையில் உள்ளன.