காரணம் சொல்லும் கொலைகாரன்

அன்பின் மச்சான்,

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாசலை வழித்து முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால், அக்காவின் மகன் சோபாவில் கால் நீட்டிக் கிடக்கிறான். பதினெட்டுச் சில்லு வைத்த லொறி ஓட்டுகிறவன் அவன். விண்ட்சருக்குப் போகவேண்டிய சுமையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்களாம். "மாமா, ஏதாவது படம் போடுங்கோ" என்றான். கோடையில் யாரோ ஒருவர் வீட்டுக் கராஜ் விற்பனையில் ஒரு டொலருக்கு வாங்கிப்போட்ட டிவிடி ஞாபகம் வந்தது. 'ஹைவேமென்'. வாங்கியது இயக்குநரின் பெயருக்காக. றொபேட் ஹார்மன்.

பெயர் உனக்குப் பிடிபடாது. 'ஹிட்சர்' என்றால் பிடிபடும். வாசிகசாலை முற்றத்தில் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டோமே, அந்த இரவு. ரஜினி படம் இரண்டும் முடிந்து, பெண்டுகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, யாரோ கொண்டுவந்த ஆங்கிலக் கசெட்டைச் செருகினார்கள். மழையில் நின்று கை காட்டியவனைப் பாவம் பார்த்து ஒரு பெடியன் காரில் ஏற்றுகிறான். ஏறினவன் கொலைகாரன். உருளைக்கிழங்குப் பொரியலுக்குள் மனித விரல் கிடந்ததும் நீ கடலைச் சுருளைக் கீழே போட்டாய். 1986இல் வந்த படம் அது. ஏன் என்னை இப்படிப் படுத்துகிறாய் என்று அந்தப் பெடியன் கெஞ்சும்போது, ருட்கர் ஹவர் இரண்டு காசை எடுத்து அவன் கண்களின் மேல் வைத்துவிட்டு, நீ கெட்டிக்காரன், நீயே கண்டுபிடி என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். கடைசிவரை காரணம் வரவேயில்லை. திரும்பிப் போகும்போது ஒழுங்கை முடக்கில் இருட்டுக்குள் நின்ற ஓர் உருவத்தைக் கண்டு நாங்கள் இரண்டுபேரும் சைக்கிளை மிதித்த மிதி! சங்கக்கடை மனேஜர் என்று மறுநாள்தான் தெரிந்தது.

அந்தப் படத்தை எடுத்த அதே ஹார்மன் பதினெட்டு வருடம் கழித்து, 2004இல், திரும்பவும் ஒரு நெடுஞ்சாலை, திரும்பவும் ஒரு கொலைகாரன் என்று வந்திருக்கிறார். இசைக்கும் அதே மார்க் ஐஷம். போதாததற்குப் படம் பிடித்தது எங்கள் ரொறன்ரோவைச் சுற்றித்தான். நான் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு முன்னுக்குக் குந்தியிருந்தேன்.

கதையைக் கேள். ஒருவன் இன்னொருவனின் மனைவியை வேண்டுமென்றே காரால் அடித்துக் கொல்கிறான். கணவன் துரத்திப்போய் அவனை மோதுகிறான். மோதப்பட்டவன் சாகவில்லை, கை கால் சிதைந்து பிழைத்துக்கொள்கிறான். கணவன் மறியலுக்குப் போகிறான். வெளியே வந்த கணவனிடம் 1968ஆம் ஆண்டுப் பிளிமத் பரகூடா. மற்றவனிடம் 1972ஆம் ஆண்டுக் கடிலாக் எல்டொராடோ. அவன் உடம்பில் பாதி இரும்பும் பட்டியும். காருக்குள்ளேயே சீவியம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை அடித்துப்போட்டுக்கொண்டே இருக்கிறான். உடம்பு போனவனுக்குக் கார்தான் உடம்பு! நீயும் நானும் வேலிக்கரையில் நின்று இந்தக் கதையைச் சொல்லியிருந்தாலே கேட்கிறவனுக்கு மயிர் கூச்செறிந்திருக்கும்.

படத்தில் கூச்செறியவில்லை. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறார்கள். கணவனுக்கு ஏன் கோபம், கொலைகாரனுக்கு ஏன் இந்த வெறி, அவன் ஏன் இவனைக் கொல்லாமல் இழுத்தடிக்கிறான், எல்லாம். விபத்துகளை ஆராய்கிற அதிகாரி ஒருவர் வருகிறார். அவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கிறது. கடைசியில் கொலைகாரனே வாய் திறந்துவிடுகிறான். அந்த வேடத்தில் கொல்ம் ஃபியோரே. இங்கே ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக மேடையில் பெயர் எடுத்த நடிகர். 2002இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பிரதமர் பியர் ட்ரூடோவாக வந்து அசத்தியவர். ட்ரூடோவை இரும்புக் கம்பிக்குள் மாட்டி காருக்குள் இருத்தினால் பயம் வருமா? எனக்குப் பரிதாபம்தான் வந்தது.

நியாயத்தையும் சொல்லவேண்டும். சுரங்கப்பாதைக்குள் நடக்கும் மோதல் ஒன்று நல்லாயிருக்கிறது. மோலி என்கிற பெண் அதில் தப்புகிறாள், தோழி தப்பவில்லை. அந்த ஐந்து நிமிடமும் பழைய ஹார்மன் எட்டிப்பார்க்கிறார். பிறகு காணாமல் போகிறார். மொத்தப் படமே 80 நிமிடம். அதற்குள்ளேயே இரண்டு தரம் நேரம் பார்த்தேன். கதாநாயகன் ஜிம் கவீசல். இந்தப் படம் வந்த அதே பெப்ரவரியில், இரண்டு கிழமைக்குள், அவர் இயேசுவாக நடித்த 'பேஷன் ஒஃப் த கிறைஸ்ட்' வந்து உலகமே அதைப்பற்றிப் பேசியது. இதைச் சில தியேட்டர்களில் காட்டிவிட்டு அடக்கம் செய்துவிட்டார்கள்.

மனம் ஆறாமல் ஸ்பீல்பேர்க்கின் 'டுவல்' படத்தை எடுத்துப் போட்டேன். 1971இல் தொலைக்காட்சிக்கென்று எடுத்தது. விற்பனையாளன் ஒருவன் தன் சின்னக் காரில் போகிறவன், கறள் பிடித்த தாங்கி லொறியொன்றை முந்துகிறான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். லொறி விடாமல் துரத்துகிறது. சாரதியின் கை தெரியும், சப்பாத்துத் தெரியும், முகம் தெரியாது. மருமகன் முதல்முறையாக எழும்பி உட்கார்ந்தான். சந்தோஷப்பட்டேன், அவன் வாய் திறக்கும்வரை.

"அந்த லொறிக்காரன் பாவம் மாமா. நேரத்துக்குச் சுமை இறக்கவேணும், இந்தாள் முன்னுக்குப் பின்னுக்கு வந்து விளையாடுறார்."

அவனுக்கு ரோட்டில் பயமே இல்லையா என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு 401ஐப் பற்றிச் சொன்னான். விண்ட்சரில் தொடங்கிக் கியூபெக் எல்லைவரை 828 கிலோமீற்றர் ஓடுகிற சாலை. ரொறன்ரோவைக் கடக்கும் பகுதியில் ஒரு நாளைக்கு நாலு இலட்சத்துக்கு மேல் வாகனங்கள். அவன் பயப்படுவது இந்த நெரிசலுக்கு இல்லை. விண்ட்சருக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் தட்டையான வயல், வளைவே இல்லாத நேர் ரோட்டு. 1999 செப்டெம்பர் 3ஆம் திகதி காலை அங்கே மூடுபனி இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக 87 வாகனங்கள் மோதின. எட்டுப்பேர் செத்துப்போனார்கள். அவன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. லொறி ஓட்டப் பழக்கிய கிழவர்தான் சொன்னாராம்: முன்னால் போனவனின் சிவப்பு விளக்கு மங்கினால் காலை எடு, யோசியாதே.

"அதில ஒரு வில்லனும் இல்லை மாமா. பனிதான்."

ஞாயிறு விடியப்புறம் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டான். மனிசி போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. நான் அவனுடைய லொறியின் பக்கக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டேன். அந்தக் கண்ணாடி என் கை முழம் அளவு; அதற்குள்ளும் பிடிபடாமல் ஒரு கார் நிற்க இடமிருக்கிறதாம். பத்தரைக்குக் கைபேசியில் செய்தி வந்தது:

"வந்து சேர்ந்திட்டன். லண்டன் தாண்டினாப்பிறகு பின்னால ஒரு பழைய கடிலாக் விடாமல் வந்தது மாமா. முந்தேக்க பாத்தன். உள்ளுக்கு ஒரு கிழவி, முன் சீற்றில நாய்."